டெல்டாவில் பிரஷர் வாஷ் தொழில்: பாரை விட்டு லிட்டரைப் பாருங்கள்

வீட்டு முற்றம், கார் நிறுத்துமிடம், பேவர் பிளாக் வாசல் எல்லாம் கழுவித் தரும் தொழிலைத் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் தொடங்குகிறவர்கள் கடையில் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை பார்?" என்பதுதான். பார் என்பது தண்ணீரின் அழுத்தத்தைச் சொல்லும் அளவு. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். பாசியைக் கல்லிலிருந்து பெயர்ப்பது அழுத்தம். பெயர்ந்ததை வாசல் தாண்டித் தள்ளிக்கொண்டு போவது தண்ணீர். கார் கழுவும் 6 லிட்டர் மெஷின் 130 பார் அடித்தாலும் பச்சைக் குழம்பு அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், ஒரே கல்லை மூன்று முறை அடிக்க வேண்டி வரும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்புவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாரை லிட்டரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் தண்ணீருக்குத் தேவையான கிலோவாட் வரும். 200 பார், 15 லிட்டர் என்றால் 5 கிலோவாட். 3 எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் தருவதே 2.2 கிலோவாட்தான். ஆக அந்த எண் பொய். 3 எச்பியில் நியாயமாகக் கிடைப்பது 130 பார், 8 லிட்டர். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. கரன்ட் நம்ப முடியாத கிராமங்களுக்கு 6.5 எச்பி பெட்ரோல் மெஷின் நல்லது, 170 பாரில் 10 லிட்டர் தரும். மணிக்கு ஒன்றரை லிட்டர் அளவில் பெட்ரோல் குடிக்கும், சத்தமும் அதிகம். எதை வாங்கினாலும் தண்ணீரைத் தள்ளும் மூன்று செராமிக் தண்டு (பிளஞ்சர்) உள்ள கிராங்க் பம்ப்பாக இருக்கட்டும். மின்சார மெஷின் என்றால் 1440 ஆர்பிஎம் இண்டக்‌ஷன் மோட்டார். கார்பன் பிரஷ் மோட்டார் தினசரி வேலைக்குத் தாங்காது.

டெல்டாவில் மெஷினை அதிகம் கொல்வது தண்ணீரும் வோல்டேஜும். மாடித் தொட்டியிலிருந்து அரை இஞ்ச் ஹோஸில் தண்ணீர் எடுத்தால் பம்ப்புக்குப் போதாது. காற்றை இழுத்துக் கடகடவென்று அதிரும், தண்ணீர் பீய்ச்சும் கன் விட்டுவிட்டு அடிக்கும். அப்படியே ஓட்டினால் வால்வும் சீலும் போய்விடும். முக்கால் இஞ்ச் ஹோஸ், உள்ளே போகும் வாயில் மெஷ் ஃபில்டர், இடையில் 500 லிட்டர் தொட்டி, இந்த மூன்றும் கட்டாயம். தொட்டி நிரம்பினால் அரை டன், குட்டி யானையில் மெஷினோடு ஏற்றிப் போகலாம். 8 லிட்டர் மெஷின் ஒரு மணி நேரத்தில் அதைத் தீர்த்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. வேலை முடிந்ததும் இரண்டு நிமிடம் நல்ல தண்ணீர் ஓட்டாமல் மெஷினை எடுத்து வைக்காதீர்கள். வயலுக்கான இலவச மின்சார மோட்டாரில் தொட்டி நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த இணைப்பு விவசாயத்துக்கு மட்டும்.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 12 ஆம்பியர் ஓடும்போது 30 மீட்டர் நீளமுள்ள 1 ஸ்கொயர் எம்எம் செப்பு வயரில் 13 வோல்ட் போய்விடும், 2.5-ல் 5 வோல்ட்தான். சாயங்காலம் ஏற்கெனவே வோல்டேஜ் தாழும் தெருவில் இந்த வித்தியாசம்தான் மோட்டார் கிளம்புமா, உறுமிக்கொண்டே கெப்பாசிட்டரைச் சுடுமா என்று தீர்மானிக்கும். வயரைச் சுருளோடு வைத்து ஓட்டாதீர்கள், சூடேறி உருகும். கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் ஈரத் தரையில் நிற்கவே கூடாது. இதில் சமாதானத்துக்கு இடமில்லை.

இனி கழுவும் முறை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பொங்கலுக்குள் வரும் வேலையில் பெரும்பகுதி பாசி. வெறும் தண்ணீரில் அடித்தால் மேல்தோல் போகும், மிச்சம் கல்லின் துளையில் தங்கி அடுத்த மழையிலேயே பச்சை கட்டும். முதலில் ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற ப்ளீச்சிங் திரவம். கேனில் வரும் 10 சதவீத ஹைப்போ ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. 100 சதுர அடிக்கு 3 லிட்டர் கலவை, கைத்தெளிப்பானில் தெளித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊற விடுங்கள். பச்சை மங்கிப் பழுப்பாகி வெளுக்கத் தொடங்கும். அப்போதுதான் கன்னை எடுக்க வேண்டும். இடையில் காய விடக் கூடாது, அதனால் காலை எட்டு மணிக்குள் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. ஹைப்போ வெயிலில் வீரியம் இழக்கும், மாதக்கணக்கில் வாங்கி அடுக்காதீர்கள். பம்ப்புக்குள் விடவும் கூடாது. துளசி மாடம், கறிவேப்பிலை, வாழை எதுவாயினும் முன்னும் பின்னும் நன்றாக நனைத்துவிடுங்கள். ஆசிட்டோடு ஒருபோதும் சேரக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். ஆசிட் ஊற்றிய தரையா என்று வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

வடிகால் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். இங்கே பல வீட்டு வாசல் தண்ணீர் நேராகக் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ இறங்கும். ஹைப்போ மீனைக் கொல்லும். அப்படிப்பட்ட வீட்டில் மருந்தே வேண்டாம், பிரஷ் போட்டுத் தேய்த்து அடியுங்கள். நேரம் இரட்டிப்பாகும், கூலியையும் அதற்கேற்பச் சொல்லிவிடுங்கள்.

பேவர் பிளாக்கில் பச்சை நிற 25 டிகிரி நாசில், ஒரு சாண் தூரம், சாய்த்துப் பிடித்து அடிக்க வேண்டும். சிவப்பு நிற ஜீரோ டிகிரி நாசிலைப் பெட்டியை விட்டே எடுக்காதீர்கள். கலர் பேவரில் நிறம் மேலே சில மில்லிமீட்டர்தான். அது போனால் ஜல்லி தெரியும், திரும்ப வராது. கன்னால் மட்டும் அடித்தால் சிமென்ட் தரையில் வரி வரியாகக் கோடு விழும், வீட்டுக்காரர் கண்ணில் முதலில் படுவதே அதுதான். அதற்கு வட்டமாகச் சுழலும் சர்ஃபேஸ் கிளீனர் வேண்டும். 8 லிட்டருக்கு 12 இஞ்ச் தட்டு போதும். 16 இஞ்ச் வாங்கினால் தட்டுக்குள் சுழலும் கை மந்தமாகச் சுற்றி, கோடு இன்னும் மோசமாகும்.

கழுவும்போது பேவர் கற்களின் இடுக்கிலிருந்து போகும் மணலைத் திரும்ப நிரப்ப மறந்துவிடுகிறார்கள். இடுக்கு 3 மில்லிமீட்டர், மேலே 2 சென்டிமீட்டர் மணல் போயிருந்தால் 100 சதுர அடிக்கு 12 முதல் 15 கிலோ பொடி மணல் பிடிக்கும். தரை நன்கு காய்ந்த மறுநாள் பரப்பிக் கூட்டித் தள்ளுங்கள். ஈரத்தில் தள்ளினால் வாயிலேயே அடைத்துக்கொள்ளும், உள்ளே வெற்றிடம். வண்டி ஏறினால் கல் ஆடும்.

பழைய வீட்டு மொட்டைமாடித் தட்டோடு, சிவப்புக் காவி போட்ட திண்ணை, 28 நாள் ஆகாத புதுச் சிமென்ட், இவற்றில் கன்னை வைக்காதீர்கள். பிரஷ்ஷும் வாளியும்தான். நெல் காயவைக்கும் களம் கேட்டு வந்தால் தாராளமாகச் செய்யலாம், ஆனால் ஹைப்போவும் சோப்பும் இல்லாமல், அறுவடைக்கு முன்கூட்டியே. டிராக்டர் ஆயில் கறை பழையதென்றால் பச்சைத் தண்ணீரில் முழுசாகப் போகாது, முன்பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பராமரிப்பு சுலபம். முதல் 50 மணி நேரத்தில் பம்ப் ஆயில் மாற்றுங்கள், பிறகு நம் வெயிலுக்கு 200 மணிக்கு ஒருமுறை. ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் சீல் கசிகிறது, அன்றே பிரிக்க வேண்டும். கன் டிரிகரை அழுத்தாமல் மெஷினை ஓடவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் அதே தண்ணீர் பம்ப்புக்குள் சுற்றிச் சூடாகும். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் அணைத்துவிடுங்கள்.

கூலி சதுர அடிக் கணக்கில் பேசினாலும், ஒரு மூலையில் நாலு கல்லை அடித்துக் காட்டி, எடுத்த நேரத்தைப் பார்த்த பிறகே விலை சொல்லுங்கள். கனத்த பாசியில் 8 லிட்டர் மெஷின் மணிக்கு 250 சதுர அடி தாண்டுவது கஷ்டம். தண்ணீர் யாருடையது, கரன்ட் யாருடையது, மணல் யார் செலவு என்பதை வாட்ஸ்ஆப்பில் எழுதி அனுப்பி, சரி என்ற பதில் வந்த பிறகு வண்டியை எடுங்கள்.