வேலூரில் ஒரே ஒரு மாலை: கோட்டையா, ஸ்ரீபுரமா?
வெளியூர் உறவினருக்கு ஊரைக் காட்ட ஒரு மாலைப்பொழுது மட்டுமே கிடைக்கும்போது வேலூர்க்காரர்களிடையே எழும் வழக்கமான விவாதம் இது.

திருமலைக்கோடியில் 2007-ஆம் ஆண்டு குடமுழுக்கு கண்ட ஸ்ரீபுரம் நாராயணி கோவில், ஏறத்தாழ 1,500 கிலோ பொன் கொண்டு அமைக்கப்பட்டது. விளக்கேற்றிய பின் அதன் பொலிவையும், நட்சத்திர வடிவ நடைபாதையின் தூய்மையையும் எவரும் மறுக்க இயலாது. எனினும், அந்த நீண்ட நடை முதியவர்களுக்குச் சற்றுச் சிரமமே.

கோட்டையோ நகரின் நடுவிலேயே இருக்கிறது. அகழி சூழ்ந்த கருங்கல் மதில்களுக்குள் ஜலகண்டேஸ்வரர் கோவில், மசூதி, தேவாலயம் ஆகிய மூன்றையும் ஒரே வளாகத்தில் காணலாம். 1806 ஜூலை 10 அன்று, புதிய தலைப்பாகை உள்ளிட்ட கட்டுப்பாடுகளை எதிர்த்துச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது இங்குதான். 1857-க்கு அரை நூற்றாண்டு முன்பே நிகழ்ந்த அக்கிளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர்க்காரர்களின் குரல் சற்று உயர்ந்துவிடும். நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோவில் கருவறையில் 1981-இல் மீண்டும் இலிங்கம் நிறுவப்பட்டது. அக்கோவிலின் கல்யாண மண்டபத் தூண்களிலுள்ள யாளிகளையும் குதிரை வீரர்களையும் நிதானமாகப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும்.

வழிபாடே முதன்மை நோக்கம் என்போர் ஸ்ரீபுரம் செல்லட்டும். ஊரை அறிய விரும்புவோருக்குக் கோட்டையையே பரிந்துரைப்பேன். வேலூர் வெயிலில் கல் தரை நன்றாகச் சுடும் என்பதால், ஐந்து மணிக்கு முன் செல்ல வேண்டாம்.