ராத்திரிக்கு ஹேமாக், பகலுக்கு கம்போங் அடிடாஸ்: ரெண்டையும் பத்தி என் ரிவியூ

மலை ஏறுற குரூப்புல ஓயாம நடக்குற சண்டை ஒண்ணு இருக்கு. காட்டுக்குப் போறவன் கஷ்டப்படத்தானே போறான், அப்புறம் எதுக்கு மெத்தை தலகாணின்னு ஒரு கட்சி, காசு இருக்கு வாங்குறேன் போர்ட்டர் தூக்குறாரு உங்களுக்கு என்னன்னு இன்னொரு கட்சி. எனக்கு ரெண்டுமே ஒத்துவரல. நம்ம மலேசியக் காட்டுல மூணு நாலு நாள் நடக்கப் போறீங்கன்னா காசையும் பேக்குல உள்ள எடையையும் ராத்திரி தூக்கத்துக்குக் கொடுங்க, பகலுக்கு எவ்வளவு எளிமையா போக முடியுமோ அவ்வளவு எளிமையா போங்க. இதுக்கு நான் வெச்சிருக்குறது ரெண்டு சாமான், ஒண்ணு டிடி ஃப்ரன்ட்லைன் ஹேமாக், அதாவது ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டுற துணித் தொட்டில், கூடவே மழைக்கு மேல கட்டுற அவங்களோட 3 மீட்டருக்கு 3 மீட்டர் டார்ப், இன்னொண்ணு ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுறவங்க போடுற கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதான் கம்போங் அடிடாஸ்.

முதல்ல ஹேமாக். டிடி ஸ்காட்லாந்து கம்பெனி, ஆனா நம்ம ஊர் ஹைக்கருங்க நிறைய பேர் கையில பாக்கலாம். ஃப்ரன்ட்லைன் நீளம் 2.7 மீட்டர், அகலம் 1.4 மீட்டர், 125 கிலோ வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்காங்க. கொசுவலை அதுலயே தெச்சு வருது, ஜிப் போட்டு உள்ள போய்ட்டா கொசு, எறும்பு, ராத்திரி லைட்டைப் பாத்து வர்ற பூச்சி எதுவும் கிட்ட வராது. அடிப்பக்கம் துணி ரெண்டு அடுக்கு, நடுவுல பாயைச் சொருகிக்கலாம், இது எவ்வளவு முக்கியம்னு கீழ சொல்றேன். டார்ப்போட சேத்தா ஒண்ணரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல வரும். ரொம்ப லேசு கிடையாது, ஒத்துக்கணும், ஒரு ஆளு படுக்குற லேசான டென்ட் இதைவிட எடை கம்மியாவே கிடைக்கும்.

அப்போ ஏன் டென்ட் வேணாம்? நம்ம கேம்ப்சைட்டை நினைச்சுப் பாருங்க, சமமான தரைன்னு ஒண்ணு இருக்கா? சரிவு, வேர், சேறு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல கொட்டுற மழை, தண்ணி எங்க இறங்குதோ அங்கதான் ஒரு டென்ட் போடுற அளவுக்கு இடம் காலியா இருக்கும். அட்டை வேற, குனோங் நுவாங் மலை ஏறுனவங்களுக்குத் தெரியும், கெம் பாச்சாட்ங்குற கேம்ப்சைட் தாண்டி மேல போறதுக்குள்ள சாக்ஸ்ல எத்தனை ஏறியிருக்கும்னு, தரையில படுத்தா அது வர்ற வழியிலயே நாம படுத்திருக்கோம். ஹேமாக்குக்கு ரெண்டு நல்ல மரம் இருந்தா போதும், கீழ சேறா இருந்தா என்ன பாறையா இருந்தா என்ன. மழைக்காட்டுல மரத்துக்கா பஞ்சம்.

படுக்குறதுல ஒரு முறை இருக்கு. நிறைய பேரு வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு படுத்துட்டு முதுகு வலிக்குதுன்னு ஹேமாக்கைத் திட்டுறாங்க. நேரா படுக்கக் கூடாது, குறுக்க படுக்கணும், தலை ஒரு ஓரமா கால் எதிர் ஓரமா போச்சுன்னா துணி இழுபட்டு உடம்பு கிட்டத்தட்ட சமமா கிடக்கும். கட்டும்போது ஸ்ட்ராப்பை ரொம்ப இழுத்து விறைப்பாக் கட்டுறதும் தப்பு, மரத்துலேர்ந்து ஒரு 30 டிகிரி இறங்கி வர்ற மாதிரி தொங்கல் விடணும், உக்காந்தா நாற்காலி உயரம் இருக்கணும். முட்டிக்கு அடியில சுருட்டுன ஜாக்கெட் ஒண்ணு வெச்சா இன்னும் சுகம். ஒருக்களிச்சு படுக்குறவங்களுக்குப் பழக கொஞ்ச நாள் ஆகும், குப்புறப் படுத்தாதான் தூக்கம் வரும்னா இது உங்களுக்கு வேணாம், சுத்தமா சரிப்படாது.

டார்ப் பத்தி கொஞ்சம் நிறைய பேசணும், ஏன்னா மழைக்காட்டுல ஹேமாக்கைவிட டார்ப்தான் முக்கியம்னு நான் நினைக்கிறேன். கேம்ப்சைட் வந்ததும் முதல் வேலை டார்ப் கட்டுறது, பேக்குல அதைத்தான் எல்லாத்துக்கும் மேல வைக்கணும், காலையில கிளம்பும்போது கடைசியா கழட்டுறதும் அதான், அப்போதான் மழை கொட்டுனாலும் அடியில நின்னு துணி மாத்தி, சாமான் எல்லாம் நனையாம பேக்குல போடலாம். சதுரமாக் கட்டாம மூலைக்கு மூலை டைமண்ட் மாதிரி கட்டுனா நடுக்கோடு 4.2 மீட்டர் வந்துடும், தலையும் காலும் நனையாது. ஆனா பக்கவாட்டுல மறைப்பு கம்மி, காத்தோட சாரல் வந்தா சதுரமாக் கட்டி ரெண்டு பக்கமும் தரை கிட்ட இறக்கிவிடுங்க.

அப்புறம் ஒரு சின்ன வேலை, பத்து செக்கண்டு கூட ஆகாது. ஹேமாக் ஸ்ட்ராப்ல, டார்ப்போட நிழலுக்கு உள்பக்கமா, ஒரு சாண் நூலை முடிச்சுப் போட்டு கீழ தொங்க விடுங்க. மழை பெய்யும்போது தண்ணி மரத்துல வழிஞ்சு ஸ்ட்ராப்புக்கு வரும், ஸ்ட்ராப் வழியா ஹேமாக்கை நோக்கி வரும், அந்த நூல் கிட்ட வந்ததும் திரும்பி நூல் முனையில சொட்டு சொட்டா கீழ விழும். டார்ச் அடிச்சுப் பாத்தீங்கன்னா முடிச்சுக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ராப் கருத்து நனைஞ்சிருக்கும், இந்தப் பக்கம் காய்ஞ்சே இருக்கும். இதைக் கட்டாம படுத்தவங்களுக்கு நடு ராத்திரி முதுகு ஈரமாகும், டார்ப் ஒழுகுதுன்னு நினைச்சுப்பாங்க.

இப்போ குளிர். கீழ ஆத்தோரமா படுக்குற வரைக்கும் பிரச்சனை இல்ல. குனோங் தாஹான் 2187 மீட்டர், தீபகற்பத்துலயே உயரமான மலை, ஆயிரம் மீட்டர் ஏறுனா சுமார் 6 டிகிரி குறையும்னு கணக்கு போட்டா மேல ராத்திரி எப்படி இருக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க. ஹேமாக்குல குளிர் மேலேர்ந்து வராது, அடியிலேர்ந்து வரும், ஸ்லீப்பிங் பேக்கை உடம்பு அமுக்கிடுறதால அதுக்குள்ள காத்து தங்காது, கதகதப்பும் இருக்காது. அதுக்குத்தான் அந்த ரெண்டு அடுக்கு, நடுவுல மெல்லிசான ஃபோம் பாய் ஒண்ணைச் சொருகுங்க, அடுக்குக்குள்ள இருக்குறதால ராத்திரி நகராது. அந்தப் பாயே பகல்ல மத்தியான சாப்பாட்டுக்கு உக்காரவும் ஆகும். ஸ்லீப்பிங் பேக் வாங்குறவங்க நம்ம ஊர் ஈரத்துக்கு சிந்தெட்டிக் பாருங்க, வாத்து இறகு போட்டது நனைஞ்சா பொங்காது.

இது சரிப்படாத இடமும் இருக்கு. மெராப்போ பக்கமா தாஹான் ஏறும்போது கெம் போட்டாக் மாதிரி மொட்டையான இடத்துல கட்ட மரம் இல்ல, அதனால எந்த ராத்திரி எங்க படுக்கப் போறீங்கன்னு மலிம் குனோங் (மலை வழிகாட்டி) கிட்ட முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. இன்னொண்ணு, இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க, கட்டுறதுக்கு முன்னாடி தலையைத் தூக்கி மேல பாருங்க. காய்ஞ்ச கிளை தொங்குதா, மரமே பட்டுப் போச்சா, கையால தட்டுனா பொக்குன்னு சத்தம் கேக்குதா, அப்படி இருந்தா எவ்வளவு அழகான இடமா இருந்தாலும் வேற மரம் தேடுங்க. மழையும் காத்தும் சேந்தா மரம் விழுறது நம்ம காட்டுல சாதாரணம், டென்ட் போடுறவங்களுக்கும் இது பொருந்தும்.

"தோட்டத்துல நாங்க சாக்கு விரிச்சுப் படுத்தோம் தம்பி, செத்தா போய்ட்டோம்"னு கேக்குற அண்ணன்மார் குரூப்புக்கு ஒருத்தராவது இருப்பாங்க. அவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா அண்ணே, சாக்குல படுத்தது வேற வழி இல்லாததால, அதை யாரும் ஆசைப்பட்டு செய்யல. என் அம்மா அஞ்சு மணிக்கு எழுந்து பால் மரம் வெட்டப் போனவங்க, நல்ல பாய் ஒண்ணு கிடைச்சிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பாங்க? காட்டுல தூக்கம் கெட்டா அதோட விளைவு மூணாவது நாள் இறக்கத்துலதான் வரும். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், கால் புரளுறது இறங்கும்போது, ஈரமான வேர் மேல, கயிறு பிடிச்சு இறங்குற இடத்துல, தூக்கக் கலக்கத்துல. அங்கேர்ந்து ஒருத்தரைத் தூக்கிட்டு வரணும்னா கூட வந்த எல்லாருக்கும் எத்தனை மணி நேரம் ஆகும்னு யோசிங்க. தூக்கத்தை நான் சொகுசுக் கணக்குலயே சேக்க மாட்டேன்.

அதே சமயம் மடக்கு நாற்காலி, ஸ்பீக்கர், பெரிய கேஸ் அடுப்புன்னு கட்டிட்டு வந்து போர்ட்டர் முதுகுல ஏத்துறதையும் என்னால ஒத்துக்க முடியல. அவரும் அதே சரிவைத்தான் ஏறுறாரு. சாப்பாட்டுக்கு வீட்டுல செஞ்ச நெத்திலி சம்பல் ஒரு டப்பா போதும், மேகியா இருந்தாலும் சோறா இருந்தாலும் இறங்கிடும்.

சரி, பகலுக்கு வருவோம். கம்போங் அடிடாஸ், முழுசும் ஒரே ரப்பர், அடியில குமிழ் குமிழா பிடிப்பு, விலை இருபது வெள்ளிக்குள்ளதான் (ரிங்கிட்). கேஎல் மால்ல ஐநூறு அறுநூறு வெள்ளிக்கு வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ் விக்குறாங்க, குளிர் நாட்டு மலைக்கு அது நல்ல சாமான், நம்ம காட்டுக்கு எனக்கு அது வேணாம். ஏன்னா நாம தண்ணிக்குள்ளயே இறங்கி நடக்குறோம். கோலா தாஹான் பக்கமிருந்து போனா சுங்கை தாஹானைத் திரும்பத் திரும்ப கடக்கணும், ஒவ்வொரு தடவையும் யாரு சப்பாத்தைக் கழட்டி மாட்டிட்டு இருப்பா? வாட்டர்ப்ரூஃப் பூட்ஸுக்குள்ள மேல் வழியா தண்ணி பூந்துட்டா வெளிய போக வழி இல்ல, அன்னிக்கு முழுக்க சதக் சதக்குன்னு கால் ஊறும். ரப்பர் சப்பாத்துல கரை ஏறி காலைத் தூக்கி ஒரு உதறு உதறுனா ஓரமா தண்ணி ஓடிடும், கூடவே கொஞ்சம் மணலும் வரும், பத்து நிமிஷம் நடந்தா சாக்ஸ் ஈரம் மட்டும்தான் மிச்சம். துணியே இல்லாததால ராத்திரி கவுத்து வெச்சா காலையில காய்ஞ்சிருக்கும். சேத்துல பிடிப்பு அருமை, பெரிய பேக் தூக்குற மலிம் குனோங், போர்ட்டர் காலைப் பாருங்க, நிறைய பேரு இதைத்தான் போட்டிருப்பாங்க.

குறைன்னு பாத்தா அடி ரொம்ப மெல்லிசு, கல்லு ஒவ்வொண்ணும் பாதத்துல தெரியும். நுவாங்ல அந்த முடிவே இல்லாத மண் ரோடு மாதிரி நீளமான கெட்டித் தரையில உள்ளங்கால் எரியும், அதுக்கு உள்ள ஒரு இன்சோல் போட்டுக்கணும். கணுக்காலுக்குப் பாதுகாப்பு கிடையாது, ஏற்கனவே கணுக்கால் புரண்டு வைத்தியம் பாத்தவங்க இதை நம்பி இறங்காதீங்க. நகத்தை ஒட்ட வெட்டிட்டுப் போங்க, இல்லன்னா இறக்கத்துல கட்டைவிரல் முன்னாடி இடிச்சு நகம் கருத்துடும்.

வாங்குறதுன்னா சின்ன டவுன் பக்கம் இருக்குற ஹார்டுவேர் கடை, பழைய மளிகைக் கடையில கேளுங்க. முட்டி வரைக்கும் வர்ற ஃபுட்பால் சாக்ஸை எடுத்துட்டுப் போய் அதைப் போட்டுப் பாத்து வாங்கணும், இன்சோலும் போடுறதா இருந்தா ஒரு சைஸ் பெருசு எடுங்க. ஹேமாக்கை நேரா பெரிய மலைக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க, முதல்ல பெர்மிட் எடுத்து உலு லங்காட் பக்கம் எங்கயாவது ஆத்தோரமா ஒரு ராத்திரி கட்டிப் படுத்துப் பாருங்க, முடிச்சு கைக்குப் பழகணும், இருட்டுல மழையிலயும் கட்டத் தெரியணும். 6 அடிக்கு மேல இருக்குறவங்க எக்ஸ்எல் சைஸ் பாருங்க. டார்ப் கலர் கேட்டா ஆரஞ்சு எடுங்கன்னுதான் சொல்வேன், ராத்திரி ஒண்ணுக்குப் போய்ட்டு திரும்பும்போது பச்சை டார்ப்பைக் காட்டுக்குள்ள தேடிட்டு நிக்கணும்.