ஜெயிலா, புனர்வாழ்வு சென்டரா, வீட்டுல இருந்தே கிளினிக்கா? போதை கேஸ்ல மாட்டுற நம்ம பொம்பளைங்களுக்கு எது சரி

தேயிலைத் தோட்டத்துல ஒரு பொம்பளைய கசிப்பு (கள்ளச் சாராயம்) கேஸ்லயோ குடு (ஹெரோயின்) கேஸ்லயோ பொலிஸ் ஏத்திட்டுப் போனா லயத்துல, அதான் நம்ம லைன் வீடுங்கள்ல, ரெண்டே பேச்சு தான் கேக்கும். ஒண்ணு, உள்ள போட்டா தான் அவளுக்கு புத்தி வரும். இன்னொண்ணு, எங்கயாச்சும் சென்டர்ல கொண்டு போய் தள்ளுங்க, ஆறு மாசம் ஒரு வருசம் கழிச்சு சரியாகி வரட்டும். மூணாவதா ஒரு வழி நம்ம இலங்கைச் சட்டத்துலயே 1999ல இருந்து இருக்கு, அத தோட்டத்துல யாரும் பேசி நான் கேட்டதில்ல, அதனால தான் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துருவோம்னு எழுதுறேன். நான் பாக்குற அளவுகோல் ஒண்ணு தான்: அவ திரும்பி அதே லயத்துக்கு வந்து சேர்ற முதல் ரெண்டு வாரத்துல என்ன நடக்கும்? உள்ள இருக்கிற வரைக்கும் எல்லாரும் நல்லவங்க தான்.

அதுக்கு முந்தி ஒரு விசயம். விக்கிறவ வேற, குடிக்கிறவ வேற. கசிப்புல மாட்டுற பொம்பளைங்கள்ல சிலர் ஒரு சொட்டு தொடாதவங்க, புருசன் காய்ச்சுறது, இல்ல யாரோ ஒருத்தன் கேனைக் கொண்டு வந்து வீட்டுக்குப் பின்னாடி வச்சிட்டுப் போறது, பொலிஸ் வர்ற நேரம் வீட்டுல இருக்கிறது இவ மட்டும் தான். இவளுக்கு ட்ரீட்மென்ட் எதுக்கு? இவளுக்கு வேணும்கிறது ஒரு லோயர், கொஞ்சம் காசு. அவளையும் நிஜமாவே அடிமையானவளையும் ஒரே வரிசையில நிப்பாட்டி முடிவெடுக்கிறதுல தான் பாதிப் பிரச்சினை.

சரி, ஜெயில். இலங்கையில தண்டனை வாங்கி உள்ள போறவங்கள்ல பெரும்பகுதி தண்டப்பணம் கட்ட முடியாம போறவங்க. 2024 கெசட்படி நாள் சம்பளம் 1,350 ரூபாவா இருந்துச்சு, அதுவும் பேர் போட்ட (வேலைக்கு வந்ததாப் பதிஞ்ச) நாளைக்கு மட்டும், பறிச்ச கொழுந்து குறைஞ்சா அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம் தான், இதுல தண்டத்த எங்க இருந்து கட்டுறது? பொம்பளைங்களுக்கான பெரிய சிறை வெலிக்கடையில, கொழும்புல. ஹட்டன்ல இருந்து ரயில்ல போனாலே அஞ்சு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும், பாக்கப் போறவங்க ரெண்டு நாள் சம்பளத்த விடணும், பஸ் காசு ரயில் காசு வேற, அதனால முதல் மாசம் ரெண்டு தடவ போவாங்க, அப்புறம் விட்டுருவாங்க. இந்தப் பக்கம் பதுளையில ஒரு சிறை இருக்கு, கண்டி போகம்பரைச் சிறைய 2014ல மூடி பல்லேகலைக்கு மாத்திட்டாங்க.

ஆனா தூரத்த விட எனக்குப் பயம் முதல் நாலு நாள். பொலிஸ் கூண்டுலயும் ரிமாண்ட்லயும் போற அந்த நாலு நாள். தினமும் நல்லா குடிச்சிட்டு இருந்த ஒருத்தி சட்டுனு நிப்பாட்டினா, ஆறு மணி நேரத்துல இருந்து ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாவது நாளுக்கும் நாலாவது நாளுக்கும் இடையில சில பேருக்கு புத்தி தடுமாறும், இல்லாத ஆளுங்க தெரிவாங்க, காய்ச்சல், நடுக்கம், அப்படியே விட்டா செத்தும் போவாங்க. இத நம்ம ஆளுங்க பேய் புடிச்சிருச்சுன்னு சொல்லுவாங்க, பொலிஸ்காரர் நடிக்கிறான்னு சொல்லுவார். குடு அப்படி இல்ல, அதுல வாந்தி, வயித்துப்போக்கு, உடம்பு முழுக்க குத்து, ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்துல அடங்கும், நரகம் தான், ஆனா நல்ல உடம்பா இருந்தா பெரும்பாலும் உயிர் போகாது. கர்ப்பமா இருந்தா கதையே வேற, அப்ப குடுவ சட்டுனு நிப்பாட்டுறது புள்ளைக்கே ஆபத்து, 2014ல உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிங்களுக்கு மெதடோன் இல்லாட்டி புப்ரனோர்பின் மாதிரி மருந்து குடுத்துப் பாக்கச் சொன்னது அதனால தான்.

இன்னொரு ஆபத்து வெளிய வர்றப்ப. ஆறு மாசம் தொடாம இருந்தா உடம்பு அந்தப் பழைய அளவத் தாங்காது, ஆனா மனசுக்கு ஞாபகம் இருக்கிறது பழைய அளவு தான். சிறையில இருந்து வந்த முதல் ரெண்டு வாரம் தான் ஓவர்டோஸ்ல சாகிற வாய்ப்பு ரொம்பக் கூடன்னு பல நாட்டு ஆய்வுலயும் திரும்பத் திரும்ப வந்த முடிவு இது. "உள்ள போட்டா திருந்துவா"ன்னு சொல்றவங்க இதக் கொஞ்சம் யோசிக்கணும்.

ரெண்டாவது, சென்டர். இதுலயே ரெண்டு வகை இருக்கு, ஜனங்க எல்லாத்தையும் ஒண்ணா நினைச்சிக்கிறாங்க. ஒண்ணு தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நடத்துறது, 1984ல வந்த சபை, கண்டிப் பக்கத்துலயும் அவங்க சென்டர் ஒண்ணு இருக்கு. மத்தது நீதவான் கட்டாயமா அனுப்புறது. 2007ஆம் ஆண்டு 54ஆம் இலக்கச் சட்டம் விருப்பத்துல போறதுக்கும் கட்டாயத்துல அனுப்புறதுக்கும் ரெண்டுக்கும் வழி வச்சிருக்கு. அதுக்கு மேல, கந்தக்காடு மாதிரி கட்டாய சென்டர்கள நடத்துற புனர்வாழ்வுப் பணியகத்துக்கு ஒரு மசோதா வந்துச்சு, 2022ல உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு ஒத்து வரலன்னு சொல்லி, திருத்தி 2023ல 2ஆம் இலக்கச் சட்டமா போட்டாங்க. கந்தக்காடு பேர நியூஸ்ல கேட்டிருப்பீங்க, 2022ல அங்க கலவரமாகி ஒருத்தர் செத்து நூத்துக்கணக்குல தப்பி ஓடினாங்களே, அது. பொலன்னறுவைப் பக்கம் ஆம்பளைங்களுக்காக இருக்கிற இடம். 2023 டிசம்பர்ல யுக்தியன்னு பொலிஸோட போதை வேட்டை ஒப்பரேசன் தொடங்கினதுக்குப் பிறகு இப்படி அனுப்புறது இன்னும் கூடிச்சு. 2012லயே ஐநாவோட 12 அமைப்புங்க சேர்ந்து கட்டாயத் தடுப்பு முகாம்கள மூடுங்கன்னு அறிக்கை விட்டாச்சு.

சென்டர்ல நல்லதே இல்லன்னு சொல்ல மாட்டேன். வீட்டுல அடி வாங்குறவளுக்கு, பக்கத்து வீட்டுக்காரனே தூள் விக்கிற இடத்துல இருக்கிறவளுக்கு, கொஞ்ச நாள் அந்த இடத்த விட்டு விலகி இருக்கிறதே பெரிய மருந்து. நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், அடி இல்ல. ஆனா மாசக்கணக்குல போறப்ப வீட்டுல புள்ளைங்கள யாரு பாக்குறது? பாட்டி கிட்ட விட்டா பாட்டிக்கு வேலை போகும், மூத்த பொண்ணு ஸ்கூல விட்டு நிப்பா. ஆம்பள சென்டருக்குப் போனா பொண்டாட்டி சமாளிப்பா, பொண்டாட்டி போனா புருசன் சமாளிச்சு நான் பாத்தது ரொம்பக் கம்மி.

அப்புறம் பாஷை. இந்த ட்ரீட்மென்ட்டோட உயிரே பேச்சு தான். எப்ப ஆரம்பிச்சது, யாரு முதல்ல கையில குடுத்தது, அன்னைக்கு வீட்டுல என்ன நடந்துச்சு, இதெல்லாம் ஒரு பொம்பள வாயத் தொறந்து சொல்லணும். தமிழ் அரச கரும மொழின்னு 1987லயே 13ஆவது திருத்தத்துல போட்டாச்சு, ஆனா எதிர்ல இருக்கிற கவுன்சிலருக்கு சிங்களம் மட்டும் தெரிஞ்சா இவ "ஓம் ஓம்"னு தலையாட்டிட்டு வருவா, பைல்ல "ஒத்துழைப்பு நல்லா இருக்கு"ன்னு எழுதுவாங்க. கடையில சாமான் வாங்குற சிங்களத்த வச்சு தன் புருசன் செஞ்சதச் சொல்ல முடியாது.

மூணாவது தான் நான் சாயிற பக்கம். 1999ஆம் ஆண்டு 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம். சின்னக் குற்றத்துக்கு ஜெயிலுக்குப் பதிலா நீதவான் ஒரு கட்டளை போடலாம்: வீட்டுல இருந்துக்கிட்டே சம்பளமில்லாத பொது வேலை செய்யணும், ஒப்பீசர் சொல்ற நேரம் போய் நிக்கணும், தேவைன்னா போதைக்கான சிகிச்சைக்கும் கவுன்சிலிங்குக்கும் போகணும். மீறினா திரும்ப கோர்ட்டுக்கு வந்து நிக்கணும். வேலை போகாது, புள்ளைங்க கூடவே இருக்கும், ஆஸ்பத்திரி மனநல கிளினிக்ல மருந்து ஓசி. முக்கியமா, அவ குடிய விடக் கத்துக்கிறது எந்த இடத்துல குடிச்சாளோ அதே இடத்துல. சம்பள நாள் சாயந்தரம் எப்படிக் கடக்கிறது, தீபாவளி அட்வான்ஸ் கையில வந்தா என்ன பண்றது, இதெல்லாம் வெலிக்கடையில படிக்க முடியாத பாடம். கைதாகுற பொம்பளைங்கள எப்படி நடத்தணும்னு ஐநா 2010ல ஏத்துக்கிட்ட பெங்கொக் விதிகள்ல 62ஆவது விதியும் பொம்பளைங்களுக்குன்னே தனியா, அவங்க பட்ட காயத்தப் புரிஞ்ச சிகிச்சைய சமூகத்துக்குள்ளயே குடுங்கன்னு தான் சொல்லுது.

குறை இல்லாம இல்ல. கிளினிக் நாள்ல பேர் போகும், அன்னைய சம்பளமும் போகும், துரை (தோட்ட மனேஜர்) ஒரு நாள் விடுவார், நாலாவது நாள் முகம் சுளிப்பார். லயத்துல சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினாலே கேக்கும், கோர்ட் ஒப்பீசர் வந்தா தோட்டம் முழுக்க அன்னைக்குப் பேச்சு அது தான். புருசன் அவ முன்னாடியே போத்தல வச்சுக்கிட்டு உக்காந்தா எந்தக் கட்டளையும் நிக்காது, ஆனா அவனுக்கு கேஸ் இல்ல, அவன யாரும் கிளினிக்குக்குக் கூப்பிடவும் மாட்டாங்க. (புகையிலை போட்ட வெத்தல இந்த மூணு வழியிலயுமே கணக்குல வராது, வாய்ப் புத்துநோய் வந்தப்புறம் தான் அது ஞாபகம் வரும்.)

எல்லாருக்கும் இந்த மூணாவது கதவு திறக்காது. சட்டப்படி 2 கிராம் ஹெரோயின் வச்சிருந்தாலே மரண தண்டனை இல்லாட்டி ஆயுள், 2022 திருத்தத்துக்குப் பிறகு ஐஸ் (மெத்தம்பெட்டமைன்) 5 கிராமுக்கும் அதே தான். 1976க்குப் பிறகு இங்க யாரையும் தூக்குல போடல, ஆனா ஆயுள் ஆயுள் தான். அந்த அளவுல மாட்டினவளுக்கு சிறைக்குள்ளயே சிகிச்சை கேக்கிறத தவிர வழியில்ல, அதுக்கு பெங்கொக் 15ஆவது விதியக் காட்டலாம்.

அமெரிக்காவுல மாதிரி, ஜெயிலுக்குப் பதிலா சிகிச்சைக்கு அனுப்பிக் கண்காணிக்கிற தனிப் போதை கோர்ட் வைக்கணும்னு சில பேர் சொல்றாங்க, மியாமில 1989ல ஆரம்பிச்சது. நல்லது தான், ஆனா இருக்கிற 1999 சட்டத்தையே பாவிக்காம புதுசா ஒரு கட்டிடம் எதுக்கு?

அதனால என் கணக்கு இப்படி. தினமும் குடிக்கிறவ, இல்ல குடு அடிக்கிறவன்னா முதல் ஒரு வாரம் பத்து நாள் ஆஸ்பத்திரி வாட்ல, நுவரெலியாவோ பதுளையோ, டொக்டர் பாத்து மருந்து குடுத்து, வைட்டமின் பி1 போட்டு போதைய இறக்கணும், அதுக்கப்புறம் கோர்ட் கட்டளையோட வீடு, கிளினிக். வீட்டுல அடி இருந்தா மட்டும் சென்டர், அதுவும் தமிழ் பேசுற ஆள் இருந்தா, அவளே விரும்பினா. ஜெயில் கடைசி.

கேஸ் கூப்பிடுற நாள்ல இதச் சும்மா யாரும் தூக்கித் தர மாட்டாங்க. லோயருக்குக் காசில்லன்னா சட்ட உதவி ஆணைக்குழு ஒப்பீசுக்குப் போங்க, தீர்ப்புக்கு முந்தியே சமுதாயஞ்சார் கட்டளை கேக்கச் சொல்லுங்க, தமிழ்ல பேசுற ஒப்பீசர் வேணும்னு அப்பவே சொல்லுங்க. பொலிஸ் புடிச்ச அன்னைக்கே, இவ தினமும் குடிக்கிறவ, நிப்பாட்டினா வலிப்பு வரும்னு டியூட்டியில இருக்கிறவர் கிட்டயும் டொக்டர் கிட்டயும் வாய் விட்டுச் சொல்லணும், மானம் போகுதுன்னு மறைக்க வேணாம். கேஸ் ஒண்ணும் இல்லாம வீட்டுக்குள்ளயே நடக்குற பிரச்சினைன்னா 1927க்கு அடிக்கலாம், போதைக்குன்னே சபை வச்சிருக்கிற நம்பர் அது, 1926 மனநலத்துக்கு, புருசன் அடிக்கிறான்னா 1938.