பெங்களூருவில் ஞாயிறு காலை: லால்பாக்கா, கப்பன் பூங்காவா?

இரண்டுக்குமே மெட்ரோவில் போய்விடலாம். லால்பாக்குக்குப் பச்சைத் தடம், கப்பன் பூங்காவுக்கு ஊதாத் தடம். லால்பாக்கில் நுழைவுக் கட்டணம் உண்டு, கப்பனில் இல்லை.

லால்பாக் 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம். சுமார் 240 ஏக்கர். எல்லோரும் கண்ணாடி மாளிகையைப் பார்க்கத்தான் ஓடுகிறார்கள். எனக்கு அங்கே பெரிய விஷயம் அந்தப் பாறைதான். ஏறக்குறைய 300 கோடி ஆண்டு பழையது, உச்சியில் கெம்பேகவுடா கோபுரம். பாறைமேல் ஏறி நின்றால், இந்த நகரம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது கண்ணாலேயே தெரியும்: மரங்களுக்கு அப்பால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுக்குமாடிகள். சுதந்திர தினம், குடியரசு தினத்தை ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சியின்போது மட்டும் போகாதீர்கள்; கூட்டத்தில் நடக்கவே முடியாது.

கப்பன் பூங்கா 1870இல் உருவானது. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே வண்டிகளை விடுவதில்லை என்பதே அதன் பலம். குழந்தைகள் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டலாம், முதியவர்களும் சமதரையில் நிதானமாக நடக்கலாம்.

சின்னக் குழந்தை இருந்தால் கப்பன் போங்கள், சரி. மற்றபடி என் ஓட்டு லால்பாக்குக்கே. அப்புறம், அதே லால்பாக் சாலையில் எம்.டி.ஆர். உணவகம் இருக்கிறது, ரவா இட்லிக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும்.