ஒரு பழைய புரொஜெக்டரும் ஜியோஜீப்ராவும்: ஆறு வருஷ அனுபவம்

கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 2019-இல் புதிய பாடநூல் வந்தபோது சில பாடங்களின் முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பக்கமும் அதில் ஒரு க்யூஆர் கோடும் இருந்தன. பொதுத்தேர்வில் கேட்க மாட்டார்கள் என்று முதல் வருஷம் அதைத் தாண்டிப் போய்விட்டேன். பிறகு ஒருநாள் வீட்டில் சும்மா ஸ்கேன் செய்து பார்த்தேன். வரைபடங்களையும் வடிவங்களையும் திரையில் வரைந்து நகர்த்திப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா திறந்தது. ஆஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய மென்பொருள் அது. வகுப்பில் பயன்படுத்தக் காசு கிடையாது. கணினியில் இறக்கி வைத்துக்கொண்டால் நெட்டும் வேண்டாம். எங்கள் ஊர் சிக்னலுக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் பெரிசு.

எனக்கு அது முதலில் கைகொடுத்தது இருபடிச் சமன்பாட்டு வரைபடத்தில். y = x² − 4x + 3 வளைவரை x அச்சை 1, 3 ஆகிய இடங்களில் வெட்டும்; அவைதான் சமன்பாட்டின் மூலங்கள். சமன்பாட்டின் கடைசியில் 3 இருக்கும் இடத்தில், எண்ணை இழுத்து மாற்றும் ஒரு ஸ்லைடர் வைத்து மெல்ல ஏற்றினால் வளைவரை மேலே எழும்பும். 4 வரும்போது அச்சை 2-இல் தொட்டு நிற்கும். 5-க்குப் போனால் அச்சை விட்டே விலகிவிடும். மூலங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லும் தன்மைக்காட்டி (b² − 4ac) 4, 0, −4 என்று மாறுவதைப் பக்கத்திலேயே எழுதிக் காட்டலாம். ‘மெய்யான மூலங்கள் இல்லை’ என்பதைப் பல வருஷம் சூத்திரமாக மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அன்று பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், “சார், அது கோட்டைத் தொடவே இல்லையே, அப்புறம் எங்க மூலம் இருக்கும்?” என்றான். நான் சொல்ல வேண்டியதை அவனே சொல்லிவிட்டான்.

இன்னொரு நாள் ஒரு மாணவி வந்து x²-இன் கெழுவை, அதாவது a-யை, குறைத்துக்கொண்டே போனாள். பூச்சியத்தில் வளைவரை நேர்கோடாகி நின்றது. அதற்கும் கீழே போனதும் குப்புறக் கவிழ்ந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. a ≠ 0 என்று புத்தகத்தில் ஏன் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு அதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதில் நான் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் திரையே கதி என்று இருந்தேன். அரையாண்டுத் தேர்வில் பாதிப் பேருக்கு அளவுத்திட்டம் எழுத வரவில்லை. அட்டவணை போட்டுப் புள்ளி குறிக்கக் கை பழகவே இல்லை. பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண், அதைக் கையால்தான் வரைய வேண்டும். அதிலிருந்து வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் கிராஃப் தாளில் இரண்டு கணக்கு, பிறகு திரை. தானே வரைந்த வளைவரை நகர்வதைப் பார்க்கும்போது பிள்ளைகள் முகமே வேறு மாதிரி இருக்கிறது.

வீடியோ பாடங்கள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வகுப்பு அமைதியாக இருக்கும், உண்மைதான். மறுநாள் கேட்டால் பாட்டு மட்டும் நினைவில் இருக்கும். பிள்ளை கை வைத்து மாற்றக்கூடியது எதுவோ அதைத்தான் திரையில் போடுகிறேன். வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதற்கு ஜியோஜீப்ரா நன்றாக உதவுகிறது. கரும்பலகையில் மரக் காம்பஸ் வழுக்கி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் கூம்பின் இடைக்கண்டத்துக்கு, அதாவது நுனியை வெட்டிய கூம்புக்கு, திரை வேண்டவே வேண்டாம். சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு வாளியை வாங்கி வந்து மேசைமேல் வைத்தால் போதும்.

புதிதாகத் தொடங்குகிற ஆசிரியர்களுக்கு: ஃபைல்களைப் பென்டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் இரண்டு வாங்குங்கள், ஒன்று எப்படியும் காலை வாரும். கரண்ட் போனால் எங்கே விட்டீர்களோ அங்கிருந்து கரும்பலகையில் தொடரத் தயாராக இருங்கள்.

எங்கள் புரொஜெக்டரின் பல்பு இப்போது மங்கிவிட்டது. மேற்கு ஜன்னல் வெயில் மதியத்துக்கு மேல்தான் அடிக்கும் என்பதால், தலைமையாசிரியரிடம் சொல்லி முதல் பீரியடை வாங்கிக்கொண்டு ஓட்டுகிறேன்.