திருகு உள்ள 600 லிட்டர் பவர் ஃபில்டர்: ஃபைட்டர் மீனுக்கு ஏற்றதா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வண்ண மீன் கடையொன்றில் வாங்கிய, தொட்டிக்குள் மூழ்கி இயங்கும் பவர் ஃபில்டரைப் பற்றி எழுதுகிறேன். மணிக்கு 600 லிட்டர் தள்ளும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறக்குறைய 54 லிட்டர் கொள்ளும் என்பதால், அந்தக் கணக்குப்படி தொட்டி நீர் முழுவதும் மணிக்கு 11 முறை சுற்றி வரும். பஞ்சில் அழுக்கு சேரச் சேர இது குறையும் என்றாலும், ஃபைட்டர், கௌராமி போன்ற மீன்கள் தாங்கும் வேகம் இதுவல்ல. ஓட்டத்தில் துடுப்பு மடங்கி, ஃபைட்டர் மீன் மூலையிலேயே ஒதுங்கி நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்காது.

இந்த ஃபில்டரின் பெரிய பலம், ஓட்டத்தைக் குறைக்க நீர் வெளியேறும் வாயில் வைத்திருக்கும் திருகு. இத்தகைய மோட்டாரில் காந்தத்தோடு இணைந்த இம்பெல்லர் என்ற சிறு இறக்கைச் சக்கரம்தான் சுழன்று நீரைத் தள்ளுகிறது. வெளிவாயைப் பாதி அடைத்தாலும் அது நீருக்குள்ளேயே சுழல்வதால், தள்ளும் நீரின் அளவும் மோட்டாரின் சுமையும் குறையுமே தவிர, கெடுதல் எதுவும் இல்லை. வேகத்தைக் குறைக்க உறிஞ்சும் பக்கத்தில் துணி கட்டிவிடுங்கள் என்று கடையில் சொன்ன யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். உள்ளே போதிய நீர் வராவிட்டால் மோட்டார் குளிர்ச்சி இழந்து சூடேறும், இம்பெல்லர் கடகடவென்று சத்தமிட்டுத் தேயும். மின்விசிறி ரெகுலேட்டரை இணைப்பதும் ஆபத்தானது. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்பவே சுழலும் இந்த மோட்டார், மின்னழுத்தம் குறைந்தால் மெதுவாகச் சுழலாமல் நின்றுபோய்ச் சுருள் கருகலாம்.

குறை என்று சொன்னால், திருகை எவ்வளவு மூடினாலும் நீர் ஒரே தாரையாகத்தான் வருகிறது. பல துளைகள் கொண்ட குழாயான ஸ்ப்ரே பாரைப் பெட்டியிலேயே வைத்திருக்கலாம். தனியாக வாங்க வேண்டியிருந்தது. அதை மாட்டித் துளைகளைப் பின்கண்ணாடி பக்கம் திருப்பியதும், வடிகட்டப்படும் நீரின் அளவு பெரிதாகக் குறையாமலேயே வேகம் தணிந்துவிட்டது. வயர் நீளமும் போதவில்லை. பிளக்குக்குக் கீழே வயர் சற்றுத் தொங்கி வளைந்திருந்தால்தான் வழியும் நீர் ஸ்விட்ச் பாக்ஸுக்குள் போகாது. இந்த வயரில் அதற்கு இடமில்லை.

வேகத்தை அளவுக்கு மீறிக் குறைத்துவிடவும் கூடாது. பஞ்சில் வாழ்ந்து அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கலந்த நீர் தொடர்ந்து வேண்டும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் நீரில், 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். ஏற்காட்டில் போதுமான ஓட்டம் சேலத்துச் சித்திரை வெயிலில் போதாமல் போகலாம். மேற்பரப்பில் இட்ட தீவனக் குருணை மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் ஓட்டம் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

கப்பி, மோலி வளர்க்கும் இரண்டடித் தொட்டிக்கு இந்த ஃபில்டரைத் தயங்காமல் வாங்கலாம். ஃபைட்டருக்கு மட்டும் சிறு தொட்டி வைத்திருப்பவர்கள் இதை வாங்கித் திருகுவதைவிட, காற்று பம்பில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரையே கேட்டு வாங்குங்கள்.