‘கணக்கை மூடிவிட்டோம்’ என்று பந்தய ஆப் சொன்னால் நம்பாதீர்கள் – 3 லட்சத்து 80 ஆயிரம் போய்விட்டது

ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 3 லட்சத்து 80 ஆயிரம். பாதி என் தம்பியின் சேமிப்பு, மீதி அவன் போனிலேயே எடுத்த உடனடிக் கடன். போன வாரம், ஒரே ராத்திரியில். திருட்டுத்தனமாக நடக்கும் தளம் ஒன்றும் இல்லை. அரசு உரிமம் வாங்கி, உரிம எண்ணைப் பக்கத்தின் அடியில் போட்டு, பக்கத்திலேயே ‘பொறுப்புடன் விளையாடுங்கள்’ என்றும் எழுதிவைத்திருக்கும் பெரிய பந்தய ஆப் கம்பெனி. பெயரைப் போடவில்லை. போட்டால் பணம் திரும்பி வராது, வக்கீல் நோட்டீஸ்தான் வரும்.

தம்பிக்குப் பழக்கம் இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முதலில் கால்பந்துப் பந்தயம், அப்புறம் அதே ஆப்புக்குள் இருக்கும் ஸ்லாட், அதாவது சக்கரம் சுழன்று படங்கள் பொருந்தினால் பணம் தரும் ஆட்டம். பந்தயமாவது ஆட்டம் முடியும்வரை இழுக்கும். ஸ்லாட் சில நொடிக்கு ஒரு சுற்று. பத்து கட்டி நாலு திரும்பி வந்தாலும் விளக்கு மின்னும், ஜெயித்த சத்தம் கேட்கும். ஆறு போனது எங்கேயும் தெரியாது. கட்டுப்படுத்த முடியாத சூதாட்டத்தை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. சொந்தக்காரர்களோ ‘கொஞ்சம் மனசைக் கட்டுப்படுத்தக் கூடாதா’ என்கிறார்கள். அது தனிக்கதை.

சில மாதங்களுக்கு முன் அவனே வந்து, “அக்கா, என்னால நிறுத்த முடியல, எப்படியாவது பூட்டிடு” என்றான். அந்த ஆப்பில் ‘சுய விலக்கு’ என்று ஒரு வசதி உண்டு. நீங்களே கேட்டுக்கொண்டால் உங்களை உள்ளே விட மாட்டார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து ஐந்து வருடத்துக்குப் போட்டோம். சாட்டில் வந்தவர் எவ்வளவு பதமாகப் பேசினார் தெரியுமா! ‘துணிச்சலான முடிவு, வாழ்த்துகள்’ என்றார். பின்னாலேயே மின்னஞ்சல்: ‘இனி நீங்களே கேட்டாலும் ஐந்து ஆண்டுகளுக்கு உங்கள் கணக்கைத் திறக்க மாட்டோம்.’ நான் நம்பியது அந்த வரியைத்தான். அன்றைக்கே அவன் போனைச் சோதிப்பதை விட்டுவிட்டேன். அம்மாவிடம் “இனிமேல் பயமில்லை” என்று சொன்னவளும் நான்தான்.

போன வாரம் அவனுக்கு ஒரு எஸ்எம்எஸ். வேறு பெயர், வேறு நிறம், ‘உங்களுக்காக 50 இலவசச் சுற்றுகள்’. உள்ளே போனால் அதே ஸ்லாட்கள். நடத்துவதும் அதே கம்பெனி, அதே உரிம எண். அவன் கொடுத்தது அதே பெயர், அதே பிறந்த தேதி, அதே போன் நம்பர், அதே கார்டு. தடுக்கவே இல்லை. நடுவில் ஒரு கட்டத்தில் போட்டதெல்லாம் திரும்ப வந்து, பணத்தை எடுக்க விண்ணப்பமும் கொடுத்திருக்கிறான். ‘பரிசீலனையில்’ என்று காட்டிவிட்டு, அதன் கீழேயே ‘ரத்து செய்து தொடர்ந்து விளையாடு’ என்று ஒரு பொத்தான். எடுக்கக் கேட்ட பணத்தை மறுபடி ஆட்டத்துக்குள் இழுக்கும் இந்த வேலையை பிரிட்டனில் 2021லேயே தடை செய்துவிட்டார்கள். இங்கே நள்ளிரவில் அது பளபளவென்று மின்னுகிறது. விடிவதற்குள் 3 லட்சத்து 80 ஆயிரமும் காலி.

மறுநாள் சாட்டில் கேட்டேன். “அந்த விலக்கு அந்த பிராண்டுக்கு மட்டும்தான் மேடம்.” ஒரே கம்பெனிதானே என்றால், “விதிமுறைகளைப் படித்துப் பாருங்கள்.” மின்னஞ்சல் போட்டால், கணக்கு வைத்திருப்பவர்தான் புகார் கொடுக்க வேண்டுமாம். தம்பி கொடுத்தான். ‘உங்கள் பிரச்சினை எங்களுக்கு முக்கியம்’ என்று தானியங்கிப் பதில். ஒழுங்குமுறை அலுவலகத்துக்குப் போன் செய்தால், முதலில் கம்பெனியின் புகார் நடைமுறையை முடித்துவிட்டு வாருங்கள் என்று வைத்துவிட்டார்கள். கடைசியில் கம்பெனியிலிருந்து ஒரு பதில் வந்தது. நல்லெண்ண அடிப்படையில் அவன் கணக்கில் ஒரு இலவசப் பந்தயம் சேர்த்திருக்கிறார்களாம்! நிறுத்த முடியவில்லை என்று எழுதிக்கொடுத்தவனுக்கு ஆறுதல் பரிசு, இன்னொரு பந்தயம்.

இதைச் சரியாகச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்ற ஒரே பதிவேட்டில் பெயர் கொடுத்தால் உரிமம் பெற்ற ஆன்லைன் கம்பெனிகள் அத்தனையும் அடைத்தாக வேண்டும், 2020 முதல் அது கட்டாயம். ஆஸ்திரேலியா 2023இல் பெட்ஸ்டாப் என்று அதே மாதிரி ஒரு பதிவேடு கொண்டுவந்தது. இப்படி ஒரே பதிவேடு இல்லாத இடங்களில் ஒவ்வொரு கடையாக ஏறி, ‘தயவுசெய்து என் தம்பிக்கு விற்காதீர்கள்’ என்று கெஞ்ச வேண்டியதுதான். ஏன் என்பதற்கும் பதில் இருக்கிறது. 2020இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் குழு ஒன்று சொன்னது: இந்தத் தொழிலின் லாபத்தில் 60 சதவீதம், ஏற்கெனவே அடிமையானவர்களும் அந்த விளிம்பில் நிற்பவர்களுமான 5 சதவீதம் பேரிடமிருந்து வருகிறது. என் தம்பி மாதிரி ஆட்கள்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறார்கள், அவர்களை எதற்கு வெளியே அனுப்புவார்கள்? ஒருவர் சூதாட்டத்துக்கு அடிமையானால் கூட இருக்கும் ஆறு பேருக்குச் சேதம் என்றும் அந்தக் குழுவின் அறிக்கையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் கடன்காரன் போன் அடித்தால் எடுப்பது அம்மா.

உரிமம் இருக்கிறதே, அரசே அனுமதித்திருக்கிறதே என்றுதான் நாங்கள் தைரியமாக இருந்தோம். அந்த உரிமத்தால் அரசுக்கு வரி போகிறது, கம்பெனிக்கு மரியாதை வருகிறது. எங்களுக்கு வந்தது அந்த மின்னஞ்சல் ஒன்றுதான்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. விலக்கு போடும்போது அதே கம்பெனியின் எல்லா பெயர்களுக்கும் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். வங்கியில் சூதாட்டப் பரிவர்த்தனைகளைத் தடுக்கும் வசதி இருந்தால் அன்றைக்கே போடுங்கள், போனில் தடுப்பு மென்பொருளையும் போட்டுவிடுங்கள். கடனை அடைக்க உதவினால் கடன் கொடுத்தவனுக்கே நேராகக் கட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள். அப்புறம், ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்’ என்று போன் வரும். எங்களுக்கு வந்துவிட்டது. பேசவே பேசாதீர்கள், வைத்துவிடுங்கள்.